முன்னோர் திருவுருவப் படங்களைக் காத்தல்

எண்ணெய் ஓவியமும் பொற்சட்டமும் ஒரு காலத்தில் கவர்னர்களுக்கும் அரசர்களுக்குமே வாய்த்தன. 1948-இல் திறந்த சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவற்றை இன்றும் காணலாம்.

நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்து, 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கி, 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் குரலை எழுப்பியவர் இரட்டைமலை சீனிவாசனார். அத்தகைய முன்னோரின் ஓவியம் சதுரங்கப்பட்டினத்துக் கடற்காற்றில் மங்கினால், இளைஞர்களே, புதுவண்ணம் பூசக் கொடுத்துவிடாதீர்கள். முகத்தை வெளுப்பாக்கித் தருவர். நம்மவர் சிலர் அதனை மெச்சவும் செய்வர்! நீக்க வேண்டியது மஞ்சளித்த மேல்மெருகையே. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அக்கலை அறிந்தோர் பஞ்சில் கரைப்பானைத் தோய்த்துச் சிறிது சிறிதாய் மெருகை எடுப்பர். உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்புவர்.

பொற்சட்டத்தை ஈரத்துணியால் துடைத்தல் கேடு. பொன்தாளின் அடியிலுள்ள சுண்ணப்பூச்சு கரையும். மென்மயிர்த் தூரிகையால் தூசு தட்டினால் போதும்.