ஏட்டில் வாழும் நகரம்

புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு மாலை நேரமேனும் நீங்கள் உலாவியிருக்கக்கூடும். நூல் பிடித்தாற்போன்ற வீதிகள், உயர்ந்த மதில்கள், மஞ்சளும் வெள்ளையும் பூசிய மாளிகைகள். "இந்த மாடியில் நின்றுதான் டூப்ளே கப்பல்களைப் பார்த்திருப்பார்" என்று மனம் தானாகவே கதை கட்டத் தொடங்கிவிடும்.

அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். வீதிகளின் அமைப்பு பழையதுதான். ஆனால் டூப்ளே கண்ட அந்த வெள்ளையர் பகுதி 1761இல் தரைமட்டமாக்கப்பட்டது. இன்று நாம் காணும் மாளிகைகள் அதற்குப் பின் எழுந்தவை. அப்படியானால் அந்தப் பழைய வாணிக நகரம் எங்கே போயிற்று? அது கல்லில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, நெடுந்தொலைவிலுள்ள இன்னொரு வாணிக நகரத்தை முதலில் எட்டிப் பார்த்து வருவோம்.

கல் நின்ற நகரம்

இன்றைய பெல்ஜியம் நாட்டில், பிளாண்டர்ஸ் பகுதியில், புரூஜ் என்ற நகரம் இருக்கிறது. 1134இல் வீசிய ஒரு பெரும்புயல் கடலிலிருந்து உள்நாட்டை நோக்கி ஓர் ஆழமான நீர்வழியைத் திறந்துவிட்டது. அதன் வழியே கப்பல்கள் வந்தன. இங்கிலாந்தின் ஆட்டு ரோமம் வந்து இறங்கியது. பிளாண்டர்ஸ் நெசவாளர் நெய்த கம்பளித் துணி ஏறிச் சென்றது. இத்தாலிய வணிகர்கள் அங்கே கிடங்கு வைத்தனர். பங்குச் சந்தையைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'பூர்ஸ்' என்ற சொல், புரூஜில் சத்திரம் நடத்திய ஃபான் டெர் பூர்சே என்ற குடும்பத்தின் பெயரிலிருந்து வந்தது என்பர்.

புயல் கொடுத்த வழியை வண்டல் மண் மெல்ல எடுத்துக்கொண்டது. நீர்வழி தூர்ந்தது, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாணிகம் ஆன்ட்வெர்ப் நகருக்கு இடம் பெயரலாயிற்று. வீடுகள் நின்றன, வியாபாரம் போயிற்று. 1892இல் ஜார்ஜ் ரோதன்பாக் என்ற எழுத்தாளர் அந்நகரைக் களமாக வைத்து ஒரு பிரெஞ்சு நாவல் எழுதினார். 'இறந்த புரூஜ்' என்பது அதன் தலைப்பின் பொருள். நகரின் புகைப்படங்களும் அதில் இடம் பெற்றன. அதன் பிறகு புரூஜ் என்றாலே உறங்கும் நகரம் என்ற எண்ணம் உலகில் வேரூன்றியது. உண்மையில் அங்கே மக்கள் உயிரோடு உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1907இல் கடலோரத்தில் புதிய துறைமுகம்கூடத் திறக்கப்பட்டது. ஆனால் கதையின் பிடி எளிதில் தளரவில்லை.

அவுரியும் சலங்கும்

இப்போது புதுச்சேரிக்குத் திரும்புவோம். 1674இல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே பிரெஞ்சுக் கம்பெனியின் நிலையத்தை வளர்க்கத் தொடங்கினார். 1693இல் டச்சுக்காரர் ஊரைக் கைப்பற்றி 1699இல் திருப்பிக் கொடுத்தனர். நேர் வீதிகளுக்கான திட்டம் அவர்கள் காலத்தில் வரையப்பட்டதே.

புரூஜைப் போலவே இங்கும் துணிதான் உயிர்நாடி. பிரெஞ்சுக்காரர் தேடி வந்த சரக்குகளுள் நீலத் துணி முக்கியமானது. அந்த நீலத்தைத் தந்தது அவுரிச் செடி. அவுரியின் நீலம் நீரில் கரையாது. பின் துணியில் ஏறுவது எப்படி? சாயக்காரர் தொட்டியில் சுண்ணாம்பையும் வேகவைத்த தகரை விதையையும் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். அப்போது நீலம் வேதியியல் முறையில் ஒடுக்கமடைந்து, கரையக்கூடிய மஞ்சள்பச்சைப் பொருளாக மாறும். அதில் துணியைத் தோய்த்து வெளியே எடுத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுக் கண்ணெதிரே நீலமாகும். இழைக்குள்ளேயே நீலம் படிந்துவிடும். இந்த வேதியியலைச் சாயக்காரரின் கை அறிந்திருந்தது. இக்கரையின் நீலத் துணி மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் கரைவரை சென்று, அங்கே பணம்போலவே கைமாறியது.

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். அலையைக் கடந்து சரக்கை ஏற்றி இறக்கியது சலங்கு என்னும் படகு. அதன் பலகைகளை ஆணியால் அடிக்காமல் கயிற்றால் தைப்பார்கள். ஆணி அடித்த படகு அலை மோதினால் பிளக்கும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பும்.

ஒரு வணிகரின் ஏடு

இந்த நகரில்தான் ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்தார். 1709இல் பிறந்தவர். துணி வாணிகம் செய்தவர். 'ஆனந்தப் புரவி' என்ற கப்பலுக்குச் சொந்தக்காரர். பின்னாளில், 1747இல், டூப்ளேயின் தலைமைத் துபாசியானார். இரு மொழி அறிந்து இடையே நின்று பேசுபவரே துபாசி. 1736 செப்டம்பர் 6 முதல் அவர் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த நாள், துணியின் விலை, வழக்கு, வதந்தி, திருமணம் எல்லாம் அன்றைய பேச்சுத் தமிழில் அதில் உள்ளன. மக்களைக் கடத்தி அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமை 1743ஆம் ஆண்டுக் குறிப்புகளில் உள்ளது. ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த 1748 செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் வேதனையோடு எழுதியிருக்கிறார்.

1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூருக்கு அருகிலிருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைத் தகர்த்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானது. அதே மாதத்தில் பிள்ளையும் காலமானார். சென்னை கவர்னர் பிகாட் பழிக்குப் பழியாகக் கோட்டையையும் நகரையும் இடிக்கச் செய்தார். 1765இல் பிரெஞ்சுக்காரருக்கு இடம் திரும்பக் கிடைத்தபோது கவர்னர் லா த லொரிஸ்தோன் ஏறக்குறைய புதிதாகவே நகரைக் கட்ட வேண்டியிருந்தது.

புரூஜில் கல் நின்றது, வாழ்வு நகர்ந்தது. புதுச்சேரியில் கல் போயிற்று, வாழ்வு ஏட்டில் நின்றது. 1846இல் அந்தக் குறிப்புகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன.

வரலாறும் கதையும்

புதுச்சேரியில் 1945இல் பிறந்த எழுத்தாளர் பிரபஞ்சன், இந்த நாட்குறிப்பின் காலத்தை அடித்தளமாகக் கொண்டு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்களை எழுதினார். இரண்டாவது நூலுக்கு 1995இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

நாட்குறிப்பு இருக்க நாவல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளையின் ஏட்டில் துணியின் விலை இருக்கிறது. சாயத் தொட்டியில் கை நீலமேறி நின்றவரின் மனம் இல்லை. கப்பலேற்றப்பட்டவர்களின் செய்தி இருக்கிறது; கரையில் நின்ற தாயின் சொல் இல்லை. ஏடு விட்ட இடத்தில்தான் நாவலாசிரியரின் கற்பனைக்கு வேலை தொடங்குகிறது.

அதற்காக, ஏட்டில் உள்ளதெல்லாம் மாற்றமில்லாத உண்மை, நாவலில் உள்ளதெல்லாம் வெறும் புனைவு என்று பிரித்துவிடவும் முடியாது. கப்பல் வந்த நாளையும் போர் நடந்த நாளையும் கம்பெனிப் பதிவேடுகளோடு ஒத்துப் பார்க்கலாம். ஆனால் பிள்ளைக்குத் தமக்கு முன் துபாசியாயிருந்த கனகராய முதலியாரோடு போட்டி உண்டு. டூப்ளேயின் மனைவியோடும் மனக்கசப்பு உண்டு. இவர்களைப் பற்றி அவர் எழுதியதை ஒரு தரப்பின் சாட்சியமாகவே கொள்ள வேண்டும். நேரில் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா, அவருக்கு அதில் ஆதாயம் உண்டா? இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு படித்தால் மாணவரும் வரலாற்றாசிரியராகலாம்.

அடுத்த முறை புதுச்சேரிக்குச் சென்றால் கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். பெரிய மார்க்கெட்டுக்கு அருகே, பிள்ளையின் பெயர் தாங்கிய வீதிப் பக்கம் செல்லுங்கள். அவருடைய மாளிகை நகரின் மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்று. கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்தது. அதைப் பார்த்துவிட்டு, வீடு திரும்பியதும் நாட்குறிப்பில் ஒரு நாளைப் படியுங்கள். பிறகு நாவலை எடுங்கள். எது பதிவு, எது கற்பனை என்று நீங்களே கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு தெரியாமற் போனால் என்ன ஆகும் என்பதற்கு, உயிரோடு இருந்தும் 'இறந்தது' என்று பெயரெடுத்த புரூஜ் நகரமே சாட்சி.