மிச்சம் வைக்காத நெருப்பு

நெருப்பிலும் கடனிலும் பகையிலும் மிச்சம் வைக்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். குடித்தனம் நடத்துகிறவனுக்கு இதைவிட நல்ல புத்திமதி கிடையாது. காட்டுக்கு மட்டும் இது செல்லாது என்பதை அமெரிக்க தேசம் மிகுந்த நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டது.

1910-ஆம் வருஷம் ஆகஸ்டு 20-ஆம் தேதி. ஐடஹோ, மான்டானா மலைக்காடுகளில் மழை பொய்த்த கோடை. ஆங்காங்கே எரிந்துகொண்டிருந்த தீயெல்லாம் அன்று அடித்த சூறைக்காற்றில் ஒன்றாகக் கூடிக்கொண்டது. இரண்டே நாளில் 30 லட்சம் ஏக்கர் கருகிப் போயிற்று.

வாலஸ் என்ற ஊரில் எட்வர்டு புலாஸ்கி என்று ஒரு வன அதிகாரி. அவரிடம் ஏறக்குறைய 45 ஆட்கள். நாலு புறமும் நெருப்பு வளைத்துக்கொள்ளவே, தமக்குத் தெரிந்த ஒரு பழைய சுரங்கத்துக்குள் அவர்களை ஓட்டிச் சென்றார். புகையில் மூச்சுமுட்டி வெளியே ஓடப் பார்த்தவர்களைக் கைத்துப்பாக்கியை நீட்டித் தடுத்தார். வாசலில் ஈரக் கம்பளிகளைத் தொங்கவிட்டு, போராடிப் போராடிக் கடைசியில் மயங்கி விழுந்தார். ஐந்து பேர் மாண்டார்கள். மற்றவர்கள் விடிந்ததும் தள்ளாடி வெளியே வந்தார்கள். புலாஸ்கியின் கண் பழுதாயிற்று.

நான் எழுதும் கதையாயிருந்தால் இங்கேயே 'முற்றும்' போட்டிருப்பேன். சரித்திரம் அப்படி நிறுத்திக்கொள்வதில்லை.

அந்தத் தீயில் மாண்டவர்கள் 85 பேருக்குக் குறையாது. வன இலாகா பிறந்து அப்போது ஐந்தே வருஷம். இனி ஒரு பொறியையும் விட்டுவைப்பதில்லை என்று இலாகா கங்கணம் கட்டிக்கொண்டது. 1935-ல் உத்தரவே பிறந்தது: எங்கே தீ கண்டாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டும்!

புலாஸ்கியின் வீரத்தில் குற்றமில்லை. அந்த ராத்திரியிலிருந்து படித்த பாடத்தில்தான் குற்றம். அங்குள்ள பைன் காடுகள் பலவற்றில், சில வருஷங்களுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் சின்னத் தீ, சருகையும் செடியையும் தின்றுவிட்டு, தடித்த பட்டையுள்ள பெரிய மரங்களை விட்டுப் போகும். மின்னல் மூட்டியது பாதி. பூர்வகுடிகள் பருவம் பார்த்து மூட்டியது பாதி. அவர்களுடைய வழக்கத்தை அறியாமை என்று சொல்லித் தடுத்தார்கள். சருகு குவிந்தது. இளமரங்கள் நெருங்கி வளர்ந்து, தரையில் பிடித்த தீ உச்சிக்கு ஏற ஏணியாக நின்றன.

பூமியின் சூடும் ஏறிற்று. பைன் பட்டையைத் துளைக்கும் வண்டு ஒன்று உண்டு. அரிசி அளவுதான் இருக்கும். கடுங்குளிர் அதன் புழுக்களைக் கொன்றுவந்தது. குளிர் தணிந்ததும் அது பெருகிற்று. வறட்சியில் வாடி, பிசின் சுரந்து அதை எதிர்க்கும் வலுவிழந்த மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயின.

1978-ல் பத்து மணி உத்தரவு கைவிடப்பட்டது. இன்று அதே இலாகா, காற்றும் ஈரமும் பார்த்து, நாள் குறித்துத் தானே காட்டில் தீ வைக்கிறது. ஆனால் கோடை நீண்டுவிட்டது. காட்டோரம் வீடுகள் பெருகிவிட்டன. பயமில்லாமல் தீ மூட்டத் தகுந்த நாட்கள் அதிகமில்லை.

பழமொழியில் கடனைப் பற்றிய பாகம் காட்டுக்கும் பொருந்தத்தான் செய்கிறது. எரியாமல் நின்ற சருகெல்லாம் கடன். தவணை தவணையாகத் தீர்த்திருக்க வேண்டியதை, இப்போது வட்டியும் முதலுமாக ஒரே நாளில் கேட்கிறது நெருப்பு.