ஒரு பிளேடும் ஒரு டம்ளர் தண்ணியும்

இந்த வாரக் கதை என் கழுத்துல இருந்து ஆரம்பிக்குது.

ஞாயித்துக்கிழமை காலையில வீரபாண்டி சலூன்கள்ல உட்கார இடம் கிடைக்காது. சனிக்கிழமை சம்பளம் வாங்கின பனியன் கம்பெனி ஆளுங்க பெஞ்சு நிறைய இருப்பாங்க. நான் அங்க போறதை நிறுத்தி ரெண்டு வருஷம். வீட்லயே ரேசர், தினமும் ரெண்டு நிமிஷம், வேலை முடிஞ்சுது. ஆனா தாடைக்குக் கீழ சிவப்பா பொரிப்பொரியா கிளம்பி, வேர்வை பட்டா எரியும். அக்கா கல்யாண ஃபோட்டோ அத்தனையிலும் துண்டால கழுத்தை மறைச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். கடைசில வெக்கத்தை விட்டு சலூனுக்கே போனேன். அண்ணா கழுத்தைத் தொட்டுப் பார்த்துட்டு ரெண்டே கேள்வி கேட்டார். "தண்ணி எத்தன நேரம் வெச்சீங்க தம்பி? முடிக்கு எதிர்ல இழுத்தீங்களா?"

டாக்டர் மாதிரியே கேட்டார். அது தற்செயல் இல்லை. முடி திருத்துற சமூகத்துக்குத் தமிழ்நாட்டில் 'மருத்துவர்' என்றே பெயர் உண்டு. கட்டி அறுப்பது, புண்ணுக்கு மருந்து கட்டுவது அந்த வீட்டு ஆண்கள். பிரசவம் பார்ப்பது அந்த வீட்டு மருத்துவச்சி. இங்கிலாந்திலும் இதே கதைதான்: 1540-ல் சவரத் தொழிலாளர்களையும் அறுவை வைத்தியர்களையும் ஒரே சங்கமாக்கினார்கள், 1745-ல் பிரித்தார்கள். பிரிஞ்ச பிறகு அங்கே அறுவை வைத்தியருக்கு மரியாதை ஏறுச்சு. இங்க மருத்துவர் வேலை ஆஸ்பத்திரிக்குப் போச்சு, சாதி இழிவு மட்டும் இவங்ககிட்ட தங்கிடுச்சு. கைப்பக்குவமும் தங்குச்சு, அதை யாரும் கணக்குல எடுத்துக்கலை.

அப்புறம் சவரம் வீட்டுக்கு வந்தது. 1903-ல் அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் தன் சேஃப்டி ரேசரை விற்க ஆரம்பித்தார். முதல் வருஷம் போனது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருஷமே 90,000 ரேசருக்கு மேல! 1971-ல் அதே கம்பெனி ரெண்டு பிளேடு, 1998-ல் மூணு, 2006-ல் அஞ்சு.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இந்தியா. இந்தியர்களுக்காக ஒரு புது ரேசரை அந்தக் கம்பெனி 2002-ல் கொண்டு வந்தது. முன்னாடி பரிசோதிச்சது யார்கிட்ட தெரியுமா? அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படிச்ச இந்திய மாணவர்கள்கிட்ட. அவங்களுக்குக் குழாயைத் திறந்தா தண்ணி. இங்கயோ நிறைய பேர் தரையில் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடி, ஒரு டம்ளர் தண்ணியோட சவரம் பண்றவங்க. பிளேடுக்கு நடுவில் முடி அடைச்சுக்கிச்சு, ரேசர் போணியாகலை. பிறகு ஆட்களை அனுப்பி, வீடு வீடா பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு, 2010-ல் 15 ரூபாய்க்கு ஒரு ரேசர் விட்டாங்க. அதுல எத்தனை பிளேடு? ஒண்ணு!

பொரிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. பல பிளேடு இருந்தா, முதல் பிளேடு முடியை இழுக்கும், அடுத்தது வெட்டும். வெட்டின நுனி தோலுக்குக் கீழ உள்வாங்கும். சுருள் முடின்னா அது திரும்பி வளரும்போது தோலையே குத்தும், உடம்பு அதை முள் மாதிரி நினைச்சு வீங்கும். எதிர்ல இழுத்தா இன்னும் மோசம். அதனாலதான் இப்படிப் பொரி வர்றவங்களுக்குத் தோல் டாக்டர்கள் ஒற்றை பிளேடு, முடி போற திசை, அழுத்தாத கைன்னு சொல்றாங்க. ஊறின முடி மெத்துனு ஆகும், சுலபமா வெட்டுப்படும். அண்ணாவோட முதல் கேள்வி அதுக்குத்தான். நம்ம ஊர் உப்புத் தண்ணியில சோப்பு சரியா நுரைக்காது, அதனால ஊறவைக்க இன்னும் பொறுமை வேணும்.

அன்னைக்கு அண்ணா புது பிளேடைப் பிரிச்சு, பாதியா ஒடிச்சு, கத்தியில மாட்டினார். எச்.ஐ.வி. பயம் வந்த பிறகு சலூன்கள்ல பரவின வழக்கம் அது. தோல் தொற்றுக்கும் நல்லதுதான். ஆனா என் கன்னத்தை மட்டும் வழிச்சுட்டுக் கத்தியைக் கீழ வெச்சுட்டார். படிகாரக் கல்லை நனைச்சு ஒரு தடவு, சுருக்குனு இருந்துச்சு.

"கழுத்து?"

"பொரி ஆறட்டுங்க தம்பி. பத்து நாளைக்குக் கத்தியே படக்கூடாது."

அதான் இந்த எபிசோடு வீடியோவுல கழுத்து மட்டும் தாடியோட உட்கார்ந்திருக்கேன்.