வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுப்பது யார்?

தினசரி நாட்காட்டியின் தாளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் நட்சத்திரம், யோகம், ராகு காலம் என்று பொடி எழுத்தில் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றுதான் திதி. பிரதமை, துவிதியை, திருதியை என்று வளர்பிறையில் 15, தேய்பிறையில் 15, ஆக ஒரு மாதத்துக்கு 30 திதிகள். சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகிப் போக எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு திதி. சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதால் ஒரு திதி சுமார் 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரம் வரையும் நீளலாம். சொல்லின் நேரடிப் பொருள் இவ்வளவுதான். இதில் சாவும் இல்லை, எள்ளும் தண்ணீரும் இல்லை, பிண்டமும் இல்லை.

ஆனால் "நாளைக்கு அப்பாவுக்குத் திதி" என்று ஒருவர் சொன்னால், எந்தத் திதி, பஞ்சமியா சஷ்டியா என்று யாரும் கேட்பதில்லை. இறந்தவருக்கு வருடா வருடம் செய்யும் சடங்கு என்று கேட்டவுடனே புரிந்துவிடுகிறது. நாளின் பெயர் அந்த நாளில் செய்யும் வேலைக்குப் பெயராகிவிட்டது. இன்னொரு வேடிக்கை, நாம் காசோலையிலும் விண்ணப்பத்திலும் போடுகிற தேதி, இலங்கைத் தமிழர்கள் எழுதுகிற திகதி, இரண்டுமே திதி என்ற சொல்லிலிருந்து வந்தவை என்றுதான் அகராதிகள் சொல்கின்றன. ஒரே சொல் ஒரு பக்கம் கணக்குப் புத்தகத்துக்குப் போயிருக்கிறது, இன்னொரு பக்கம் ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறது!

திதி மட்டும் அல்ல. திவசம் என்றாலும் வடமொழியில் வெறும் நாள்தான். காரியம் என்றால் வேலை. கருமாதி என்பதும் கருமம், அதாவது செயல் என்பதிலிருந்து பிறந்தது. சிராத்தம் என்ற சொல்லுக்குள் இருப்பது சிரத்தை. யாழ்ப்பாணத்தில் 31-ஆம் நாள் செய்வதற்கு அந்தியேட்டி என்று தனிப் பெயரே உண்டு. இந்தப் பட்டியலில் சாவு என்ற சொல் எங்கேயும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாளைச் சொல்கிறோம், அல்லது வேலையைச் சொல்கிறோம், அதற்கு நடுவில் இருப்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

திதி என்ற சொல்லுக்கு உள்ளே இன்னொரு பொருளும் ஒளிந்திருக்கிறது. கிராமத்தில் வாரிசு இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசும்போது "திதி கொடுக்கக்கூட ஆள் இல்லை" என்பார்கள். இங்கே திதி என்பது நாளும் இல்லை, சடங்கும் இல்லை. மகன் என்று பொருள். நாள், சடங்கு, மகன் என்று சொல் இப்படி மூன்று படி ஏறி வந்திருக்கிறது. இந்த மூன்றாவது பொருளை வருடா வருடம் கண்ணால் பார்க்கக்கூடிய ஊர் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அது திருவண்ணாமலை.

மாசி மகத்தன்று அருணாசலேஸ்வரர் கோயிலை விட்டுப் புறப்பட்டு, ஊரை அடுத்த பள்ளிகொண்டாப்பட்டு கிராமத்துக்குப் போகிறார். அங்கே கௌதம நதிக்கரையில் தீர்த்தவாரி நடக்கிறது. கூடவே ஒரு திதியும் நடக்கிறது. கொடுப்பவர் அருணாசலேஸ்வரர். யாருக்குக் கொடுக்கிறார் என்றால், வல்லாள மகாராஜாவுக்கு! பிறப்பும் இறப்பும் இல்லாதவர் என்று சொல்லப்படும் சிவன், ஒரு மனிதனுக்கு மகனாக நின்று நீர்க்கடன் செய்கிறார். ஊர் மக்களும் அன்று அதே கரையில் உட்கார்ந்து தங்கள் தாத்தா, பாட்டிக்குத் திதி கொடுக்கிறார்கள்.

இதற்கு முன்கதை தைப்பூசத்தன்றே தொடங்கிவிடுகிறது. அன்று சுவாமி ஈசான்ய குளத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். அங்கேதான் ராஜா போரில் இறந்துவிட்டார் என்ற செய்தி அவருக்குச் சொல்லப்படும். போகும்போது மேளதாளத்தோடு போனவர் திரும்பி வரும்போது மேளம் இல்லாமல் வருவார். இழவுச் செய்தி வந்த வீட்டில் யாரும் நாதஸ்வரம் வாசிப்பதில்லை அல்லவா? தைப்பூசத்துக்கும் மாசி மகத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மாதம். அந்த ஒரு மாதம் கழித்துத்தான் ஆற்றங்கரைக்குப் போகிறார்.

தலபுராணக் கதை எல்லோரும் கேட்டிருக்கக்கூடியது. சைவ எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் வல்லாள மகாராசனுக்கென்று தனிச் சருக்கமே இருக்கிறது. ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லாமல் கொடுத்து வருகிறார். சிவன் ஒரு சங்கமராக, அதாவது சிவனடியாராக வந்து, இரவுக்கு ஒரு கணிகை வேண்டும் என்று கேட்கிறார். அன்று ஊரில் ஒரு கணிகையும் கிடைக்காதபடி ஏற்கெனவே சிவனே பார்த்துக்கொள்கிறார். கொடுத்த வாக்கு தவறக்கூடாது என்று இளைய ராணி சல்லமாதேவி தானே போகிறாள். அவள் தொட்டதும் அடியார் குழந்தையாகிவிடுகிறார். ராஜா எடுத்துக் கொஞ்சுகிறார், குழந்தை மறைந்துவிடுகிறது. உனக்கு நானே மகன், உன் கடைசிக் கடனை நானே செய்வேன் என்று இறைவன் வாக்குக் கொடுக்கிறார். (ராணியை அனுப்புகிற இந்தக் கதை இன்று படிக்கும்போது நெருடத்தான் செய்கிறது. புராணங்கள் பெண்களிடம் சம்மதம் கேட்டு எழுதப்பட்டவை அல்ல.)

சரி, யார் இந்த வல்லாள மகாராஜா? ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வது, இவர் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் என்பதைத்தான். கன்னட நாட்டில் இன்று ஹளேபீடு என்று அழைக்கப்படும் துவாரசமுத்திரம்தான் அவருடைய தலைநகரம். 1311-இல் டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் அதன்மேல் படையெடுத்து வந்தார். 1327 வாக்கில் முகமது பின் துக்ளக்கின் படை மறுபடியும் வந்து நகரத்தைப் பாழாக்கியது. அதன் பிறகு வல்லாளர் தெற்கே நகர்ந்து திருவண்ணாமலையைத் தன் தலைநகரமாக வைத்துக்கொண்டார். இன்றைக்குக் கிரிவலத்துக்காக மட்டுமே பலர் அறிந்திருக்கும் ஊர், ஒரு காலத்தில் பேரரசு ஒன்றின் கடைசித் தலைநகராக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. கோயிலுக்குள் இருக்கும் வல்லாள கோபுரமும் அதில் உள்ள அவருடைய சிலையும்தான் அதற்கு மிச்சமிருக்கும் அடையாளம்.

இதே காலத்தில் மதுரையில் தனிச் சுல்தானாட்சி ஏற்பட்டிருந்தது. அதை ஒழித்துக்கட்ட வல்லாளர் பெரும்படையோடு கிளம்பினார். அந்தப் போரைப் பற்றி நமக்கு விரிவாகச் சொல்பவர் ஒரு வெளிநாட்டுப் பயணி, மொராக்கோவைச் சேர்ந்த இபின் பதூதா. மதுரைச் சுல்தான் கியாசுதீனின் மனைவியும் இபின் பதூதாவின் மனைவியும் உடன்பிறந்தவர்கள். அதாவது எதிரி முகாமின் உறவுக்காரர் எழுதிய குறிப்பு இது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். அப்படி இருந்தும் அவர் எதையும் மறைத்து எழுதவில்லை.

அவர் சொல்வதன் சுருக்கம் இது. வல்லாளருக்கு அப்போது வயது எண்பதுக்கு மேல். திருச்சிக்கு அருகே, இன்றைய சமயபுரம் பக்கம் உள்ள கண்ணனூர்க் கொப்பம் என்ற கோட்டையை அவர் மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தார். உள்ளே உணவு தீரும் நிலை. சரணடைவதைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடந்து, தற்காலிகமாகப் போர் நின்றது. அந்த இடைவெளியில் மதுரையிலிருந்து சுல்தான் நேரில் படையோடு வந்து, ஓய்வில் இருந்த ஹொய்சள முகாமின்மேல் பாய்ந்தார். யாரோ கொள்ளைக்காரர்கள் என்று நினைத்தார்களாம். குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. கிழவர் சிறைப்பட்டார். முதலில் மரியாதையாக நடத்தி, அவருடைய செல்வத்தையும் யானைகளையும் வாங்கிக்கொண்டு, பிறகு கொன்றார்கள். தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். அதைத் தன் கண்ணால் பார்த்ததாக இபின் பதூதா எழுதியிருக்கிறார்.

இது நடந்தது 1342-இல். வரலாற்று நூல்கள் செப்டம்பர் மாதத்தைக் குறிக்கின்றன.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். தமிழ் நாட்டில் போரில் இறந்தவனை நினைக்க வழி இல்லாமல் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்திலேயே உள்ள செங்கம் பகுதியில் நடுகற்கள் குவிந்து கிடக்கின்றன. பல்லவர் காலத்துக் கற்கள் அவற்றில் நிறைய. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எந்த மாடுபிடிச் சண்டை, யார் பட்டான் என்று வட்டெழுத்தில் இருக்கும். 'பட்டான்' என்றால் விழுந்து இறந்தான். ஒரே சொல், சுற்றி வளைப்பதில்லை. சாதாரண வீரனுக்குக் கல் என்றால் அரசனுக்குப் பள்ளிப்படை உண்டு. ஆற்றூரில் துஞ்சிய தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக முதலாம் ராஜராஜன் மேல்பாடியில் கட்டிய அரிஞ்சிகை ஈஸ்வரம் அப்படிப்பட்டதுதான். துஞ்சினான் என்றால் தூங்கினான் என்று பொருள். அரசர்கள் இறப்பதில்லை, தூங்குகிறார்கள்!

வல்லாளருக்கு இந்த இரண்டுமே வாய்க்கவில்லை. பள்ளிப்படை எழுப்ப உடல் கைக்கு வரவில்லை, அது பகைவன் கோட்டையில் தொங்குகிறது. எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு ஊர் என்ன செய்ய முடியும்? ஒரு நாளை ஒதுக்க முடியும். திதிக்கு உடல் தேவையில்லை.

ஆனால் அந்த நாளும் இடிக்கிறது. செப்டம்பர் என்றால் ஆவணி, புரட்டாசிப் பக்கம். கோயிலோ தை மாதம் செய்தியைக் கேட்டு மாசியில் சடங்கு செய்கிறது. அதோடு மகம் என்பது திதியே அல்ல, அது நட்சத்திரம். தமிழ்நாட்டு வழக்கத்தில் பிறந்த நாளுக்குத்தான் நட்சத்திரம் பார்ப்பார்கள், இறந்த நாளுக்குத் திதி பார்ப்பார்கள். (கேரளத்தில் சிராத்தத்துக்கும் நட்சத்திரம் பார்ப்பது உண்டு.) அப்படியானால் திருவண்ணாமலையில் நடப்பது நாள் தவறிய திதியா?

விடை பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. 27 நட்சத்திரங்களுக்கும் ஒவ்வொரு அதிதேவதை உண்டு. மகத்துக்கு அதிதேவதை பித்ருக்கள், அதாவது இறந்துபோன முன்னோர்கள். ஆக, மகம் முன்னோர்களுக்கே உரிய நாள். இறந்த திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுத்துவிடலாம் என்ற ஏற்பாடு நம் வீடுகளில் இருப்பது போலத்தான் இதுவும். எங்கோ தூரத்தில், பகைவன் பிடியில் இறந்தவனுடைய சரியான திதியை யார் குறித்து வைத்திருப்பார்கள்? ஏற்கெனவே தீர்த்தவாரிக்கு ஏற்ற, முன்னோர்களுக்கும் உரிய ஒரு பெரிய நாளோடு ராஜாவின் திதியைச் சேர்த்துவிட்டார்கள் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

நாளைவிடப் பெரிய சிக்கல் மகன் விஷயத்தில் இருக்கிறது. புராணம் ராஜாவுக்குப் பிள்ளை இல்லை என்கிறது. வரலாறு பிள்ளை உண்டு என்கிறது! வல்லாளர் இறந்த மறு ஆண்டு, 1343-இல், அவருடைய மகன் விருபாட்ச வல்லாளர் நான்காம் வல்லாளராக முடிசூடினார். மகன் இருந்தான் என்றால் கடவுள் எதற்காக மகனாக வந்து திதி கொடுக்க வேண்டும்?

புராணம் பொய் என்று ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த மகனின் கதை எப்படி முடிந்தது என்று பார்க்க வேண்டும். 1346-க்குப் பிறகு நான்காம் வல்லாளரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஹொய்சள வம்சமே அதோடு முடிந்தது. அவர்கள் நிலம் முழுவதும் விஜயநகரத்தின் கைக்குப் போனது. 1370-களில் மதுரைச் சுல்தானாட்சியை முறியடித்தவர்கள் விஜயநகரத்தார்தான், ஹொய்சளர் அல்ல. தந்தை இறந்து நான்கே ஆண்டில் திதி கொடுக்க வேண்டிய மகனும் போனான், மகனுடைய மகனும் இல்லை. ஊர் வழக்கில் சொன்னால், திதி கொடுக்க ஆள் இல்லை. பிள்ளை பெறாதவன், பிள்ளை நிலைக்காதவன் என்ற வித்தியாசத்தைச் சில தலைமுறைகள் கழித்து யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். ஆற்றங்கரையில் இடம் காலியாக இருந்தது என்பது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். கதை அந்தக் காலி இடத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும்.

விஜயநகர அரசர்களும் இதே கோயிலுக்கு அள்ளிக் கொடுத்தவர்கள்தான். 217 அடி உயர ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் தொடங்கியது. அவருக்கு இங்கே புகழ் உண்டு, கல்வெட்டு உண்டு. ஆனால் அவர் இறந்த செய்தி கேட்டு அருணாசலேஸ்வரர் மேளம் இல்லாமல் திரும்பி வருவதில்லை. அது தோற்றுப்போன கிழ ராஜா ஒருவருக்கு மட்டும்தான்.

மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் தீர்த்தவாரி முடிந்ததும் சுவாமி கோயிலுக்குத் திரும்பிவிடுவார். அடுத்த தைப்பூசத்தில் ஈசான்ய குளத்தில் அதே செய்தியை மறுபடியும் முதல் முறையாகக் கேட்பார்.