ரயில் ஓடிய பாதையில் சைக்கிள்

12 வருஷம் நான் சைக்கிளைத் தொடவில்லை. என்னோடு ஒரே செக்‌ஷனில் உட்கார்ந்து வேலை பார்த்த நண்பர், ஓய்வு பெற்ற மறு வருஷம், விடியற்காலையில் பால் வாங்கச் சைக்கிளில் போனவர், லாரி மோதி வீடு திரும்பவில்லை. காரியமெல்லாம் முடிந்த அன்று என் சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே தள்ளிச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். அதன் பிறகு எங்கே போனாலும் நடைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் மே மாதம், லியோனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் ஒரு நாள், "தாத்தா, உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். அங்கே காரே வராது. சைக்கிள் ஓட்டலாம்" என்றான். நான் முடியாது என்றேன். மகள், "அப்பா, சும்மா போய்ப் பாருங்க. பிடிக்கலைன்னா இறங்கி நடங்க" என்றாள். அப்படித்தான் பர்கண்டி நாட்டில் ஜிவ்ரி என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை 44 கிலோமீட்டர். பிரஞ்சில் இதை 'வுவா வெர்த்' என்பார்கள், பசுமை வழி என்று பொருள். பிரான்சில் இந்த வகைப் பாதைகளில் முதலாவது இது. 1997இல் திறந்தார்கள். தார் போட்ட பாதை. இரண்டு பக்கமும் மரம், திராட்சைத் தோட்டம், வெள்ளை மாடுகள். கார் போன்ற வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. 2004 செப்டம்பரில் வந்த ஓர் ஆணை, மோட்டார் இல்லாத வண்டி, நடப்பவர், குதிரையில் போகிறவர் ஆகியோருக்கு மட்டுமே உரிய வழி என்று 'வுவா வெர்த்'துக்குச் சாலைச் சட்டத்திலேயே விளக்கம் எழுதிவிட்டது.

முதல் அரை மணி நேரம் ஹேண்டில் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு ஒன்று கவனித்தேன். மேடும் பள்ளமும் உள்ள பூமி, ஆனால் என் முழங்காலுக்கு அது தெரியவே இல்லை. பேரனிடம் கேட்டேன். "இது பழைய ரயில் பாதை தாத்தா" என்றான்.

விஷயம் அதுதான். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. நூறு அடிக்கு இரண்டு மூன்று அடி உயர்ந்தாலே அதற்கு மூச்சு வாங்கும். அதனால் அந்தக் காலத்து எஞ்சினியர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, மலையைச் சுற்றி, சுற்ற முடியாத இடத்தில் குடைந்து பாதை போட்டார்கள். அந்த எஞ்சினுக்காகச் செய்த வேலை, நூறு வருஷம் கழித்து என்னைப் போன்ற கிழவனுக்கு உதவுகிறது.

1879இல் பிரான்சில் மந்திரியாக இருந்த பிரெசினே ஒரு பெரிய திட்டத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார். துணை மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றுக்கும் ரயில் போக வேண்டும் என்பது நோக்கம். நாடு முழுவதும் 181 கிளைப் பாதைகளைப் பட்டியல் போட்டார்கள். நம் புதுவைக்கு விழுப்புரத்திலிருந்து ரயில் வந்ததும் அதே 1879இல்தான். கிராமத்தான் சந்தைக்கும், மாணவன் பள்ளிக்கும், பட்டாளத்தான் பாசறைக்கும் ரயிலில் போனான். பிறகு பஸ் வந்தது, கார் வந்தது. கூட்டம் குறைந்த கிளைப் பாதைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் போனார், கடிகாரம் நின்றது, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது துக்கம்தான். இன்றைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் அதை மறக்கக் கூடாது.

வழியில் ஓர் ஊர், எழுத்தில் 'புக்ஸி' என்று இருக்கும், வாயில் 'புஸ்ஸி' என்பார்கள். நம் புஸ்ஸி வீதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடுத்து சேன்ழாங்கூ-ல-நசியோனால். முன்பு 'ராஜாவின் சேன்ழாங்கூ' என்று பெயர், ராஜா போனதும் 'தேசத்தின் சேன்ழாங்கூ' ஆகிவிட்டது. அதன் பிறகு கொர்மத்தேன் கோட்டை, தேஸே கிராமம், கடைசியில் குளூனி.

சைக்கிளில் ஊர் பார்க்கும் பழக்கம் எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். பால் த விவி என்று ஒருவர், 1853இல் பிறந்தவர், சாந்தேத்தியேன் நகரில் பட்டு வியாபாரம் செய்தவர். வியாபாரத்தை விட்டுச் சைக்கிள் பக்கம் வந்து, 1887இல் அதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். பந்தயத்துக்காக ஓட்டாதே, ஊரைப் பார்க்க ஓட்டு, பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, வீம்புக்கு மிதிக்காதே என்பது அவர் சொன்னதன் சாரம். மேடு ஏறக் கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். கியர் மாற்றும் கருவியைத் துர் த பிரான்ஸ் பந்தயம் 1937இல்தான் எல்லோருக்கும் அனுமதித்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1930இல், 76ஆம் வயதில், சாந்தேத்தியேன் தெருவில் டிராம் மோதி இறந்துபோனார். மலை மலையாக ஏறி இறங்கியவருக்கு ஊர்த்தெருவில் முடிவு. இதை முதலில் படித்தபோது என் நண்பர் ஞாபகம்தான் வந்தது.

அடுத்தது 1936. மக்கள் முன்னணி அரசு வந்ததும், ஜூன் மாதம் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் இரண்டு வாரம் விடுப்பு என்று சட்டம் போட்டது. அதுவரை கடலையே பார்க்காத ஆலைத் தொழிலாளிகள் ஏராளம். விளையாட்டு, ஓய்வு நேரத்துக்குப் பொறுப்பாக இருந்த லெயோ லக்ராஞ்ஜ் ரயில் கட்டணத்தில் 40 சதவிகிதம் தள்ளுபடி வாங்கிக் கொடுத்தார். ரயிலுக்கும் காசு இல்லாதவர்கள் சைக்கிளில் கிளம்பினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சைக்கிளில் முன்னும் பின்னும் மிதித்துப் போகும் டேன்டெம் அந்த வருஷத்தின் அடையாளமாகிவிட்டது. அப்போது சாலையில் கார் குறைவு. ஊர்ச்சாலை எல்லாமே ஏறக்குறைய பசுமை வழிதான். லக்ராஞ்ஜ் 1940 ஜூனில் போர்முனையில் இறந்தார். போர் முடிந்த பின் சாலையைக் கார் எடுத்துக்கொண்டது.

இரண்டாம் நாள் குளூனியில் இறங்கினோம். 910இல் தோன்றிய மடம். ரோமாபுரியில் இன்றுள்ள பேதுரு பேராலயம் எழும்பும் வரை கிறிஸ்தவ உலகத்திலேயே பெரிய கோயில் இங்கேதான் இருந்தது. புரட்சியில் அது தேசச் சொத்தானது. 1798இல் விற்றார்கள். வாங்கியவர்கள் கல்லுக்காக இடித்தார்கள். இன்று நிற்பது பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். எந்த இடத்தைப் பார்த்தாலும், இது யார் பெயரில் இருக்கிறது என்றுதான் மனசு கேட்கும். மடத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், போய்விட்டது. ரயில் பாதையும் அப்படிப் போயிருக்கலாம். பல இடங்களில் அக்கம்பக்கத்து விவசாயிகளுக்குத் துண்டு துண்டாக விற்று, பாதை அறுந்தும் போயிருக்கிறது. நடுவில் அரைக் கிலோமீட்டர் கை மாறினால் மீதி 43 கிலோமீட்டரால் என்ன பிரயோசனம்? இங்கே நிலம் பொதுவில் ஒரே நீளமாக நின்றது. ரயில் நின்ற பிறகும் யாரோ ஒரு கோப்பை மூடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு மனசுக்குள் வணக்கம் சொன்னேன்.

மறுநாள் குளூனியைத் தாண்டி மாக்கோன் பக்கம் போனோம். இந்த வட்டாரம் கவிஞர் லமர்த்தீன் வளர்ந்த மண். பள்ளிக்கூடத்தில் அவரை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்களுக்கு அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே பயபக்தி வரும். அங்கே புவாக்ளேர் குகை, 1.6 கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்தில் உள்ளே வௌவால்கள் தூங்குவதால் மூடிவிடுவார்கள். மேயில் திறந்திருந்தது. உள்ளே ஜில்லென்று இருந்தது. பேரன் முன்னால் போனான், அவன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். பின்னால் ஹாரன் கேட்குமோ என்று வழக்கமாக முதுகில் ஒரு கூச்சம் இருக்கும். அது அன்றைக்கு இல்லை என்பது பாதி தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மலைக்கு அருகில்தான் 1981இல் வந்த பாரிஸ்–லியோன் அதிவேக ரயிலும் போகிறது. குளூனியில் அது நிற்பதில்லை.

ஊர் திரும்பியதும் சங்கிலியைக் கழற்றினேன். டயர் இரண்டும் வெடித்துக் கிடந்தன. மாற்றினேன். நம் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்றரைக் கிலோமீட்டர்கூட வராது. விடியற்காலை ஐந்தரைக்குப் போய் நாலு தடவை போய்வருகிறேன். நண்பரின் மனைவி சில நாள் அங்கே நடக்க வருகிறார்கள். முதல் நாள் என்னைச் சைக்கிளில் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள், "அவர் சைக்கிள் இன்னும் வீட்டிலதான் இருக்கு. பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் அவனும் வருகிறான்.