ரஞ்சன்குடிக் கோட்டை சொல்லும் பாடம்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் பெருவழியில், பெரம்பலூருக்கு வடக்கே நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையை நம்மில் பலர் பேருந்திலிருந்தே கண்டு கடந்திருப்போம். கருநாடக நவாபுக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பியது என்பர். சுற்றிலும் அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், படிப்படியாக உயரும் மூன்றடுக்கு மதில்கள், உள்ளே ஒரு பள்ளிவாசல். அருகிலுள்ள வாலிகண்டபுரத்தில் பழம்பெரும் வாலீசுவரர் கோயில். இரு சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்ந்த வழி இது.

இவ்வழியில்தான் 1751இல் ஆர்க்காட்டு நவாபுப் பட்டத்துக்காக இரு படைகள் மோதின. முகம்மதலிக்கு ஆங்கிலேயர் துணை; சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. உரிமை கோரிய இருவரும் கலிமாச் சொன்னவர்களே! அன்று ஆங்கிலப் படை திருச்சிக்குப் பின்வாங்கியது. சந்தா சாகிபு அதை முற்றுகையிட்டார். முற்றுகையைத் தளர்த்தவே கிளைவ் ஆர்க்காட்டைக் கைப்பற்றினார். 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டார்.

வென்றவராவது வாழ்ந்தாரா? முகம்மதலி கடனில் மூழ்கினார். அவர் வழியினர் 1801இல் ஆட்சியையே கும்பினியாரிடம் ஒப்படைத்தனர். ஐம்பதே ஆண்டுகள்!

உடன்பிறந்தார் வழக்கைத் தீர்க்க அயலானை அழைத்தால், வழக்கோடு வீடும் அவனுக்கே போய்விடும். அடுத்த பயணத்தில் நம் பிள்ளைகளை அங்கே இறக்கி, அம்மதில்களைக் காட்டி இதனைச் சொல்வோமாக.