டிராக்டர் மட்கார்டில் துருவா? பெயிண்ட் அடிக்கும் முன் செய்ய வேண்டியவை

ஆயுத பூஜை வந்தால் டிராக்டருக்குப் புது பெயிண்ட் அடிப்பது நம் ஊர்களில் வழக்கம். அடித்த அன்று வண்டி புதிதுபோல் மின்னும். அடுத்த ஆடி வருவதற்குள் மட்கார்டின் ஓரத்தில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பி, விரலால் தட்டினாலே பொரிந்து உதிரும். பெயிண்ட் தரமில்லை என்று பெயிண்டரைக் குறை சொல்வோம். பெரும்பாலும் குறை பெயிண்டில் இல்லை. அடியில் இருந்த துருவை எடுக்காமல் மூடியதுதான் காரணம்.

என்ஜினும் கியர்பாக்ஸும் நன்றாக ஓடும் பழைய டிராக்டர்களில்கூட மட்கார்டு, கால் வைக்கும் தகடு, பானெட், பேட்டரி வைக்கும் தட்டு ஆகியவை அரித்துப்போயிருப்பதைக் களப்பயிற்சிகளில் அடிக்கடி பார்க்கிறேன். இதை அழகுப் பிரச்சினையாக மட்டும் நினைக்க வேண்டாம். உழவின்போது கால் வைக்கும் தகடு பெயர்ந்தால், பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் கீழே போய்விடும். ஓட்டுநருக்கும் சுழலும் பெரிய சக்கரத்துக்கும் நடுவே இருப்பது மட்கார்டு தகடு ஒன்றுதான்.

துரு எங்கே தொடங்குகிறது?

இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பும் சேர்ந்தால் வேகம் கூடும். பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடு இரும்பை வேகமாக அரிக்கும். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துத் தகட்டை நனைத்தே வைத்திருக்கும். உர மூட்டை ஏற்றும் டிரெய்லரின் தளமும், உரம் சிந்திய மட்கார்டும் முதலில் கெடுவது இதனால்தான்.

சேற்றுழவில் மட்கார்டின் உள்மடிப்பில் அப்பிய சேறு, வெளியே காய்ந்தாலும் உள்ளே பல நாள் ஈரமாகவே இருக்கும். அதனால் துரு பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவுக்கு அரித்திருக்கலாம். கடலோர ஊர்களிலும், உப்புத்தன்மை உள்ள போர் தண்ணீரில் வண்டி கழுவும் இடங்களிலும் இது இன்னும் விரைவாக நடக்கும்.

எவ்வளவு ஆழம் என்று பாருங்கள்

முதலில் வண்டியை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். பிறகு மூன்று சோதனைகள் போதும்.

1. தட்டிப் பார்ப்பது: ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும்.

2. குத்திப் பார்ப்பது: சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். அமுங்கினாலோ உள்ளே போனாலோ அந்த இடத்தில் தகடு மிஞ்சவில்லை என்று பொருள்.

3. காந்தம் வைத்துப் பார்ப்பது: சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி மேலே நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் தடிமனாகப் பட்டி இருக்கிறது. பழைய டிராக்டர் வாங்கப் போகும்போதும் சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். புது பெயிண்டில் பளபளக்கும் வண்டியை அது காட்டிக்கொடுத்துவிடும்.

மேலாகத் துருப்பிடித்திருந்தால் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம். குழி விழுந்தோ ஓட்டையாகியோ இருந்தால் வெட்டி ஒட்டுத்தகடு போட வேண்டும். தகட்டின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால், உதிரிபாகக் கடையில் புதிய மட்கார்டின் விலையையும் பட்டறைக் கூலியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் புதியதே லாபம்.

வேலைக்கு முன் பாதுகாப்பு

* பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றி, பிறகு பிளஸ் வயரைக் கழற்றுங்கள். பேட்டரியை வண்டியிலிருந்து இறக்கித் தள்ளி வையுங்கள். அதிலிருந்து வரும் வாயு தீப்பொறியில் வெடிக்கக்கூடியது. வயரை மாட்டியபடியே வெல்டிங் செய்தால் ஆல்டர்னேட்டரும் கெடலாம்.
* டீசல் டேங்குக்குப் பக்கத்தில் வெல்டிங் செய்ய வேண்டியிருந்தால் டேங்கைக் கழற்றி அப்புறப்படுத்துங்கள். காலி டேங்க் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. டீசல் தீர்ந்த டேங்குக்குள் ஆவி நிறைந்திருக்கும். வெல்டிங் சூட்டில் அது குண்டுபோல் வெடிக்கும். ஒழுகும் டேங்கை ஊர்ப் பட்டறையில் வெல்டிங் வைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.
* பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். கிரைண்டர் தூசி மூக்கில் போகாமல் முகக்கவசமும், கண்ணாடியும், கையுறையும் அணியுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் இந்த வேலையே வேண்டாம்.

மேல்துருவை எடுப்பது

துரு உள்ள இடத்துக்கு வெளியே 5 செ.மீ. வரை பெயிண்டை எடுத்துவிட வேண்டும். கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிறகு 80 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். தகடு வெள்ளி நிறத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும். குழிகளுக்குள் மிஞ்சும் கருந்துருவுக்கு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைப் பூசலாம். டப்பாவில் சொன்ன நேரம் வைத்திருந்து, சொன்னபடி கழுவியோ துடைத்தோ எடுத்து, முழுக்கக் காயவிடுங்கள்.

பேட்டரி தட்டில் இருப்பது அமில அரிப்பு. முதலில் ஒரு கைப்பிடி ஆப்ப சோடாவை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரை பொங்குவது நிற்கும்வரை ஊற்றி, நல்ல தண்ணீரில் கழுவிய பிறகுதான் சுரண்ட வேண்டும்.

ஓட்டைக்கு ஒட்டுத்தகடு

1. வெட்டுவது: ஓட்டையைச் சுற்றி, நல்ல தகடு வரும்வரை 2 முதல் 3 செ.மீ. தள்ளிக் கோடு போட்டு வெட்டுங்கள். அரித்த ஓரத்தை விட்டுவைத்தால் வெல்டிங் அங்கே நிற்காது, தகடு உருகி ஓட்டை பெரிதாகும். மூலைகளை வளைவாக வெட்டினால் பிற்பாடு விரிசல் விடாது.

2. அளவு எடுப்பது: அட்டையை வைத்து அச்சு வெட்டி, பிறகு தகட்டை வெட்டுங்கள். பழைய தகட்டின் தடிமனே புதியதுக்கும் இருக்க வேண்டும். 18 கேஜ் தகடு சுமார் 1.2 மி.மீ., 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ. இருக்கும். கூரைக்குப் போடும் ஜிங்க் தகட்டு மிச்சத்தைப் பயன்படுத்தாதீர்கள். வெல்டிங்கில் வரும் துத்தநாகப் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும்.

3. வெல்டிங்: மெல்லிய தகட்டுக்கு மிக் வெல்டிங் சிறந்தது. ஆர்க் வெல்டிங் மட்டுமே இருந்தால் மெல்லிய ராடும் குறைந்த கரண்டும் வைக்கச் சொல்லுங்கள். ஒரே ஓட்டமாக வெல்டிங் இழுத்தால் தகடு சூட்டில் அலை அலையாக நெளியும். 3 செ.மீ. இடைவெளியில் புள்ளி வைத்து, எதிரெதிர் பக்கமாக மாறி மாறி வைத்து, இடையில் ஆறவிட்டு முடிக்க வேண்டும். சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது.

4. இணைப்பை அடைப்பது: ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒட்டினால் நடுவே தண்ணீர் தங்கும். முடிந்தவரை ஓரத்தோடு ஓரம் பொருத்துங்கள். மேலே வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் பிரைமர் அடித்த பிறகு இரண்டு பக்கமும் சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும்.

பிரைமரும் பெயிண்டும்

சுரண்டிய தகட்டை ஒரு இரவு அப்படியே விட்டால் பனியிலேயே மீண்டும் செந்துரு படியும். காலையில் சுரண்டினால், தின்னர் துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். எப்பாக்ஸி பிரைமர் இரண்டு கோட் நல்லது. ரெட் ஆக்சைடு மலிவு. அதன்மேல் பெயிண்ட் முழுமையாக மூடினால்தான் காக்கும்.

பட்டி என்பது சிறு பள்ளத்தைச் சமன் செய்ய மட்டுமே. 2 மி.மீ. தடிமனுக்கு மேல் வேண்டாம். ஓட்டையைப் பட்டியால் அடைத்தால் அது ஈரத்தை உறிஞ்சி, வயல் அதிர்வில் கட்டியாகப் பெயர்ந்து விழும்.

கடைசியாக எனாமல் பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். வெளிப்பக்கத்துக்குக் கொடுக்கும் கவனத்தை உள்பக்கத்துக்கும் கொடுங்கள். துரு வருவது அங்கிருந்துதான். தண்ணீர் வடியும் துளைகளைப் பெயிண்டால் மூடிவிடாதீர்கள்.

ஒட்டுப்போடக் கூடாத பாகங்கள்

வண்டி கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம், டிரெய்லரை இழுக்கும் கொக்கி, அதன் பின் ஆகியவற்றில் அரிப்போ விரிசலோ இருந்தால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் இரும்பின் வலு மாறிவிடும். அந்தப் பாகங்களை மாற்றுவதே வழி.

வீட்டில் பழைய அம்பாசடர் நின்றால்

இதே முறையில் அப்பா காலத்து அம்பாசடரையும் சீர்செய்யலாமா என்று பயிற்சிக்கு வருபவர்கள் கேட்பதுண்டு. கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, டிக்கி ஆகியவற்றின் மேல்தகட்டுக்குச் செய்யலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. டிராக்டரில் எடையைத் தாங்குவது என்ஜினும் கியர்பாக்ஸ் கூடும். பழைய ஜீப்பில் அடியில் தனிச் சட்டம் உண்டு. அம்பாசடருக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தரைத்தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியும் சேர்ந்துதான் காரையே தாங்குகின்றன. அவற்றில் ஒரே நேரத்தில் நிறைய வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து, கதவு சாத்த முடியாமல் போகும். அடியில் முட்டுக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றத் தெரிந்த டிங்கரிடம் மட்டுமே கொடுங்கள். 2014-இல் இந்தக் காரின் உற்பத்தி நின்றுவிட்டது. அவசரப்பட்டு வெட்டிய தகட்டுக்கு மாற்று தேடுவது எளிதல்ல.

மீண்டும் வராமல் இருக்க

* சேற்றுழவு முடிந்த அன்றே மட்கார்டின் உள்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசியாக ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.
* உரம் ஏற்றிய நாளில் டிரெய்லரைக் கூட்டிவிட்டுக் கழுவுங்கள்.
* தார்ப்பாயால் தரைவரை இறுக்கி மூடாதீர்கள். அடியில் காற்று போக வழி விடுங்கள்.
* கழிவு ஆயிலைத் தடவுவது பழக்கமாக இருக்கிறது. அது தூசியையும் சேற்றையும் பிடித்து வைக்கும், ரப்பரைக் கெடுக்கும், சொட்டும் இடத்தில் மண்ணையும் கெடுக்கும். பெயிண்ட் உரிந்த இடத்தில் உடனே பிரைமரைத் தொட்டு வைப்பதே மேல்.

இந்த வேலைக்கு ஏற்ற காலம் கோடை. காற்றில் ஈரம் குறைவாக இருக்கும் பகலில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும், வண்டிக்கும் ஓய்வு இருக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுவதால் டெல்டா விவசாயிகள் மே மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. ஆயுத பூஜைக்குப் பெயிண்ட் அடிப்பதென்றால், துரு எடுக்கும் வேலை கோடையிலேயே முடிந்திருக்கட்டும். பெயிண்டருக்குக் கொடுக்கும் பணம் அப்போதுதான் வீணாகாது.